முப்பத்தேழு ஆசனங்கள்: திருகோணமலையில் ஐந்து நாட்கள்

2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை – ஹற்றனிலிருந்து பாலையூற்றுக்கு

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாகாண சபைகளைத் தந்த, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் மூன்று பத்திகளாகப் பிரித்து, மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என்று எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளும் பார்த்து எழுதுவார்கள். இந்தத் தவணையின் கடைசி வாரத்தில் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், நம்ம மாகாண சபைக்கு இப்ப உறுப்பினர் யாரு?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "அப்போ சபை இருக்குன்னு எழுதுறதா, இல்லைன்னு எழுதுறதா?" என்றாள். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி. அன்று அவளுக்கு ஆறு வயது. பரீட்சைக்கு எதை எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கேட்டது அதுவல்ல என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி மனத்தில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தபோதுதான் விடுமுறை வந்தது. என் தாய்மாமா திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. அவரைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கிழக்கு மாகாண சபை இருக்கும் ஊரும் அதுவே. புறப்பட்டுவிட்டேன்.

கண்டியில் ஏறிய பஸ் தம்புள்ளை வரை குறையின்றி ஓடியது. ஹபரணையைத் தாண்டி, இருபுறமும் காடு நெருங்கி வரும் இடத்தில் பின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. யானை கடக்கும் பகுதி என்பதால் யாரும் இறங்கித் தூரம் போகவேண்டாம் என்று நடத்துநர் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம், கூரைத் தகடு கொதிக்க, அப்படியே அமர்ந்திருந்தோம். மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெக்கை தாங்கவில்லை, தலை சுற்றியது. முன்னிருக்கையில் இருந்த சிங்களப் பாட்டி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். தம் துணிப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, அவித்த மரவள்ளிக் கிழங்கையும் கட்டைச் சம்பலையும் என் மடியில் வைத்து, "கன்ன துவே" என்றார். சாப்பிடு மகளே என்று பொருள். தண்ணீர்ப் போத்தலையும் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கந்தளாய்க்கு முன்னால் அக்போபுரவில் இறங்கிக்கொண்டார். அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் பாடப்புத்தகம் நினைவுக்கு வந்தது. கந்தளாய், அல்லை முதலான குளங்களையும் வாய்க்கால்களையும் சுற்றி அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்கள் இந்த மாவட்டத்தின் கணக்கையே மாற்றின. 1881 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சிங்கள மக்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1981 இல் மூன்றில் ஒரு பங்கு. 1977 பொதுத் தேர்தலில் சேருவில என்ற புதிய தொகுதியும் வந்தது. அந்தப் பாட்டியின் பெற்றோர் நிலமில்லாத உழவராகவே இங்கு வந்திருப்பார்கள். காணி தருகிறோம் என்றால் எந்த ஏழை வேண்டாம் என்பான்? அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. யாரை எங்கே குடியேற்றினால் எந்த ஆசனம் எவருக்குப் போகும் என்று கணக்குப் பார்க்கும் அரசின்மீதுதான் கோபம்.

கந்தளாயில் சட்டித் தயிர் 600 ரூபாய். மாமாவுக்காக ஒன்று வாங்கி, மடியில் குழந்தையைப் போல் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். இரவு எட்டரை மணி. வாசலில் டோர்ச் விளக்கோடு நின்ற மாமா, "வா புள்ள, டயர் வெடிச்சிருச்சாமே" என்றார். அத்தை இடியப்பமும் சூடை மீன் சொதியும் வைத்திருந்தார்.

ஓகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை – தகரப் பெட்டியும் கோட்டையும்

காலையில் மாமாவோடு மீன் சந்தைக்குப் போனேன். பாரை மீன் விலையைக் கேட்டுவிட்டுச் சூடையே வாங்கித் திரும்பினோம். கடற்கரை ஊரிலேயே மீன் எட்டாக்கனியாகிவிட்டது என்று மாமா வருந்தினார். வீட்டுக்கு வந்ததும், நான் கேட்காமலேயே, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் வெள்ளைத் துணி ஒட்டப்பட்டிருந்தது.

மாமா பிறந்தது 1948 நவம்பரில், ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில். அதே மாதத்தில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவருடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, 1947 தேர்தலில் வாக்களித்தவர். அந்தத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 சட்டப்படி இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்ட வேண்டும். தேயிலைக் கொழுந்து பறித்தவர்களிடம் ஏது பத்திரம்? 1949 இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கே வாக்கு என்றார்கள். ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவர்களானார்கள்; அவர்களில் வாக்காளராக இருந்தவர்கள் இடாப்பிலிருந்தும் விழுந்தார்கள். 1952 தேர்தலில் மலைநாட்டிலிருந்து அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வகுப்பில் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். தொகுதிகளைப் பிரிக்கும்போது எங்கள் மக்களின் தலைகளையும் எண்ணியே ஆசனங்களை ஒதுக்கினார்கள். ஆட்கள் எண்ணிக்கைக்கு உதவினார்கள், வாக்குக்கு உதவவில்லை. எங்களை எண்ணிக் கிடைத்த ஆசனத்துக்கு மற்றவர்கள் வாக்களித்தார்கள்.

இவை எல்லாம் சபையில் கை உயர்த்தி, பெரும்பான்மை பெற்று, முறைப்படி நிறைவேறிய சட்டங்கள். துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை. 1933 மார்ச் 23 ஆம் திகதி ஜெர்மனியப் பாராளுமன்றமும் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஒப்படைத்தது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் அதை வியப்போடு கேட்பார்கள். தங்கள் பாட்டனுக்கு நடந்தது அதே பாடத்தின் இன்னொரு பக்கம் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும்.

மாமா 1977 ஓகஸ்ட் கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்த துணியோடு திருகோணமலைக்கு வந்தவர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கு போட்டது. மாமா இலங்கைக்கு விண்ணப்பித்தார். தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் 'வேலாயி' என்றும், விண்ணப்பத்தில் 'வேலாயுதம்' என்றும் இருந்ததால் அந்த விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் மேசை மாறி மேசை போனது. பிரஜாவுரிமை அற்றோர் பிரச்சினைக்கு 1988 இல் மறுபடியும் ஒரு சட்டம் வந்து, சான்றிதழ் கைக்கு வந்து, போருக்கிடையே இடாப்பில் பெயர் ஏறி, அவர் முதன்முதலாகப் புள்ளடி இட்டது 1994 இல். அப்போது வயது நாற்பத்தைந்து. "கை நடுங்கிச்சு புள்ள. கட்டத்துக்கு வெளிய போயிருமோன்னு பயம்" என்றார்.

மாலையில் பிரெட்ரிக் கோட்டை வழியாகத் திருக்கோணேச்சரம் போனோம். வெயில் தணிந்தும் பாறை ஆறவில்லை. வெறுங்காலோடு படியேறக் கால் சுட்டது. போர்த்துக்கேயர் பழைய கோயிலை 1622 இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினார்கள் என்பர். பாண்டியரின் இரட்டை மீன் பொறித்த கல்லை இன்றும் கோட்டை வாயிலில் பார்க்கலாம். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1782 இல் ஆங்கிலேயர், அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஒல்லாந்தர், 1795 இல் திரும்பவும் ஆங்கிலேயர். இத்தனை பேர் மாறியும் எவரும் ஊர் மக்களைக் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது 1931 இல். டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குப் பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். நம்மவர்களில் பெரியவர்கள் சிலர் அந்த உரிமையை வரவேற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார்.

கோட்டைக்குள் மான்கள் ஆட்டுக்குட்டிகள் போலத் திரிகின்றன. மதில் அருகே அமர்ந்து மாமா 1956 ஐப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மான் என் பையிலிருந்து தலை நீட்டிய குறிப்புப் புத்தகத்தை இழுத்து இரண்டு தாள்களைத் தின்றுவிட்டது. தேங்காய்ப்பூ விற்ற பெரியவர் ஓடிவந்து விரட்டி, மிஞ்சியதைத் துடைத்துத் தந்தார். தின்ற தாள்களில் இருந்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியபின், ஓகஸ்ட் மாதத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் கால்நடையாக இந்த ஊருக்கு வந்தார்கள். திருமலை யாத்திரை என்று அதற்குப் பெயர். இங்கு கூடிய மாநாடு நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது: கூட்டாட்சி அமைப்பு, தமிழுக்குச் சம இடம், பிரஜாவுரிமைச் சட்டங்களை மாற்றுதல், அரசின் திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்துதல். மூன்றாவது எங்களுக்காக. எங்களுக்காக யாரோ பல மைல் தூரம் நடந்திருக்கிறார்கள் என்பதை நான் புத்தகத்தில் படித்ததுண்டு. அந்த மண்ணில் அமர்ந்து நினைத்தபோது கண் நிறைந்தது. மாநாடு கொடுத்த ஓராண்டுக் கெடுவுக்குள், 1957 ஜூலை 26 இல், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் வந்தது. 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது.

ஓகஸ்ட் 11, திங்கட்கிழமை – சபையைத் தேடி

மாமாவின் மூத்த மகள் ஆசிரியை. இடமாற்றம் கேட்டு மூன்று ஆண்டுகள். காலையில் அவளோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வரிசை, இலக்கத் துண்டு, மின்விசிறி இல்லாத கூடம். பத்தரைக்கு எங்கள் முறை வந்தபோது, கோப்பு வேறு ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது என்றார்கள். எழுதுவினைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் மச்சாள் சொன்னதுதான் மனத்தில் தைத்தது: "முந்தி எண்டால் எங்கட பக்கத்து மெம்பர் ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டிருப்பம். அவருக்கும் அடுத்த முறை வோட்டு வேணும்தானே. இப்ப யாரிட்டப் போறது?"

கிழக்கு மாகாண சபைக்கு 37 ஆசனங்கள். 2012 செப்டெம்பரில் கடைசித் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பர் இறுதியில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து அந்த 37 இடங்களிலும் ஒருவரும் இல்லை. செயலகங்கள் இயங்குகின்றன, சம்பளம் போகிறது, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நிருவாகத்தை நடத்துகிறார்; மக்கள் தெரிந்தெடுத்தவர் மட்டும் இல்லை. பகல் பதினொன்றரை மணி வெயிலில் நானும் மச்சாளும் சபைக் கட்டடத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றோம். காவலாளி, தங்கச்சி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மாணவர்களுக்குப் பாடம் சொல்பவள், பார்த்துப் போகலாம் என்று வந்தேன் என்றேன். பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு நிழலில் இருக்கச் சொன்னார். குடிக்கத் தண்ணீரும் தந்தார். உள்ளே போக அனுமதி எழுத்தில் வேண்டுமாம். வற்புறுத்தவில்லை.

தேர்தலை யாரும் ஒழிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த கலப்பு முறையாக மாற்றச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாகாண சபைகளும் விழுந்து கிடக்கின்றன. பூட்டு உடைக்கப்படவில்லை, சாவியை யாரும் செய்து தரவில்லை.

இந்த நாட்டில் இது புதிதுமல்ல. 1970 இல் ஐந்து ஆண்டுக்குத் தெரிவான பாராளுமன்றம், 1972 இல் தானே எழுதிய குடியரசு யாப்பைக் கொண்டு 1977 வரை இருந்தது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவும் அதனோடு போயிற்று. அந்த யாப்பை எதிர்த்து 1972 இல் செல்வநாயகம் பதவி விலகி, இடைத்தேர்தலில் மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். தேர்தல் வைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1975 பெப்ரவரியில் வைத்தபோது அவர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அடுத்து வந்தவர்கள் அதைக் கண்டு திருந்தவில்லை. 1977 இல் 168 ஆசனங்களில் 140 ஐ வென்ற ஜே. ஆர். ஜயவர்தன, 1982 டிசம்பர் 22 ஆம் திகதி பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே பாராளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டினார். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை. மாமாவுக்கு அந்தச் சின்னங்கள் நன்றாக நினைவிருக்கின்றன, வாக்குத்தான் இல்லை. இனி 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல். பணம் இல்லை என்று அது தள்ளிப் போயிற்று. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6 ஆம் திகதி.

பகல் சாப்பாடு துறைமுகப் பக்கத்தில் ஒரு சிறு கடையில்: சோறு, கணவாய்க் கறி, பூசணிக்காய், அப்பளம், 450 ரூபாய். ரசம் எவ்வளவு கேட்டாலும் ஊற்றினார்கள்.

மாலையில் கடற்கரையில் நடந்தோம். தூரத்தில் கடற்படைத் தளத்தின் மேடு தெரிந்தது. 2022 மே 9 இல் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ மறுநாள் குடும்பத்தோடு வந்து தங்கியது அங்கேதான். செய்தி அறிந்த மக்கள் வாயிலில் கூடினார்கள். ஒருவர் எத்தனை முறையும் ஜனாதிபதியாகலாம் என்று 2010 இல் 18 ஆவது திருத்தத்தை மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கொண்டுவந்தவர் அவர். ஜனாதிபதியின் அதிகாரத்தை 2015 இல் 19 ஆவது திருத்தம் குறைத்தது, 2020 இல் 20 மீண்டும் கூட்டியது, 2022 இல் 21 மறுபடி குறைத்தது. திருத்த எண்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல மனனம் செய்கிறார்கள். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் வாய்ப்பாடாவது நல்லதல்ல.

காந்தி சிலைக்கு அருகே மச்சாள் குரலைத் தாழ்த்தினாள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலையில் ஐந்து மாணவர்கள் இந்தக் கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். கடலை வறுத்து விற்கும் தள்ளுவண்டிகளும், பட்டம் விடும் சிறுவர்களுமாக இடம் நிறைந்திருந்தது. நாங்கள் அங்கே அதிகம் பேசவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை – கிண்ணியா

கச்சான் காற்று காலையிலேயே வீசத் தொடங்கியது. முகத்தில் அடுப்புக் காற்று படுவது போல் இருந்தது. பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். 2009 இல் பாலம் திறக்கும்வரை, பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் இந்தக் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. நான் சிறுமியாக வந்தபோது அந்தப் பாதையில் மாமா என் கையை இறுகப் பிடித்திருந்தார். இப்போது சில நிமிடங்களில் கடந்துவிட்டோம்.

மதியத்துக்குப் பராட்டாவும் மீன் குழம்பும் கேட்டேன். குழம்பைக் கிளறியபோது விரலில் வெள்ளையாக ஒரு கட்டி பட்டது. எடுத்துப் பார்த்தேன், நசுக்கினால் மாவு. கடைக்கார நானா அதைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். "தங்கச்சி, அது கரையாத மாக்கட்டி. வேற தட்டுத் தாறன்" என்று கைகளைத் துடைத்துக்கொண்டு நின்ற அவர் முகத்தில் தெரிந்தது வெட்கம் மட்டுமல்ல, அச்சமும். ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது. 2018 பெப்ரவரி 26 இரவு, இதே கிழக்கில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் இருந்த இப்படியொரு கட்டியைக் காட்டி, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்து அது வெறும் மாச்சத்து என்று சொன்னார். அதற்குள் அந்தப் பொய் கைப்பேசிகளில் ஊர் ஊராகப் போய்விட்டது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது, அவசரகால நிலை வந்தது, சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. தன் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும்?

மக்களாட்சி நிற்பது, வாக்களிப்பவன் தன் கண்ணால் காண்பதைத் தானே எடைபோடுவான் என்ற நம்பிக்கையில். ஒரு மாக்கட்டியை மாக்கட்டி என்று பார்க்க முடியாதபடி நம்மைப் பழக்கிவிட்டால், வாக்குச் சீட்டை மட்டும் எப்படித் தெளிவாகப் பார்ப்போம்? 1956 இல் மொழியை வைத்து வாக்குக் கேட்டவர்களுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டியிருந்தன. இன்று அதையே ஒருவன் படுக்கையில் கிடந்தபடி செய்யலாம். நான் அந்தத் தட்டையே சாப்பிட்டு முடித்தேன். குழம்பு மிக நன்றாக இருந்தது. நானா தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். நான் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் மூத்தவர், மூதூர்த் தொகுதியைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நீண்டது. மூதூர் முன்பு இரு உறுப்பினர் தொகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. 1970 தேர்தலில் ஏ. எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும் ஒன்றாகத் தெரிவானார்கள். "எங்களுக்கும் ஆள், உங்களுக்கும் ஆள், சண்டைக்கு என்ன இருக்கு?" என்றார் நானா. கலந்து வாழும் மக்களுக்கு ஏற்ற சட்டையாக அந்த முறை தைக்கப்பட்டிருந்தது என்று எனக்கும் படுகிறது. அந்தத் தங்கத்துரை 1997 ஜூலை 5 ஆம் திகதி திருகோணமலையில் ஒரு பாடசாலை விழாவில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்றே பரவலாகக் கருதப்பட்டது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு மக்கள் வாக்களிக்காமல் தடுக்கப்பட்டதும் நினைவில் இருக்க வேண்டும். மலைநாட்டவர் வாக்கைப் பறித்ததற்காக நெஞ்சு குமுறும் நான், நம்மவர் துப்பாக்கி பறித்த வாக்கைப் பற்றிப் பேசாமல் விட்டால் வகுப்பில் நிற்க எனக்குத் தகுதியில்லை.

திரும்பும் வழியில் பிற்பகல் மூன்றரைக்கு இடியோடு மழை. பஸ் நிறுத்தத்தின் கூரை ஒழுகியது. குடை இல்லாமல் நின்ற என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்ட ராத்தா ஒருவர், பஸ் வரும்வரை பாதி தோள் நனைய நின்றார்.

ஓகஸ்ட் 13, புதன்கிழமை – திரும்புதல்

அதிகாலையில் மாமா கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனார். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நேற்று நனைந்த சளி அதில் கரைந்தது.

பஸ் நிலையத்தில் செவ்விளநீர் 200 ரூபாய். மாமா தன் காசில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். தமிழ் அரசியல் தலைவர் இரா. சம்பந்தன் 1977 இல் முதன்முதலாகத் திருகோணமலையில் வென்ற செய்தி வந்த நாட்களில்தான் தான் இந்த ஊருக்கு அகதியாக வந்து சேர்ந்ததாகவும், அவர் 2024 ஜூன் 30 இல் காலமானபோது கடைசியாக முகம் பார்க்கப் போனதாகவும் சொன்னார். ஊரே அவரை ஏசியதும் உண்டு, தூக்கிக் கொண்டாடியதும் உண்டு என்றார். பஸ் புறப்படும் நேரத்தில், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஓன் மகளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே. இடாப்புல பேரு ஏத்தியாச்சா?"

முடிந்தது ஜூன் மாதத்தில். எனக்கு அது தோன்றவே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் இதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, என் வீட்டில் கேட்க மறந்திருக்கிறேன். கந்தளாய் தாண்டியதும் மகளை அழைத்தேன். கிராம சேவகர் வந்தாராம், அப்பா படிவம் நிரப்பிக் கொடுத்தாராம்.

"பெயர் எழுத்துச் சரியா இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேம்மா. பிரதி கையில இருக்கு."

"எடுத்து ஒவ்வோர் எழுத்தா வாசி."

சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினாள். அப்பாவின் பெயர் பாதியில் இருக்கும்போது அக்போபுரவைக் கடந்தோம். காடு வந்தது, தொடர்பு அறுந்தது. ஹபரணைக்கு அருகே மீண்டும் கிடைத்ததும், முதல் எழுத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன்.